ஆறு புள்ளி இரண்டு

நாகர்கோவிலில் வடசேரிச் சந்தைக்குச் செல்லும் வழியில், மருந்துக் கடை ஒன்றின் மாடியில் கணினி வகுப்பு நடத்தி வந்தார் பாக்கியசீலி. அவருக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் பயின்றவர்களில் மூத்தவர் தாணுமாலயன். அவருக்கு வயது அறுபத்தாறு.

தாணுமாலயன் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் கைநீட்டிக் காட்டிய எல்லையை அவர் ஒருநாளும் எல்லையென ஏற்றதில்லை. ஓய்வு பெற்ற பின்னர் கணினி நிரல் எழுதக் கற்றார். அங்கும் அந்தக் குணம் அவரை விட்டு நீங்கவில்லை. தேநீரில் சர்க்கரை போடவில்லை என்று சொல்லிக் கொடுத்தாலும், ஒரு மிடறு குடித்துப் பார்த்த பிறகே நம்புவார்.

கடற்கரையில் அடுத்தடுத்து அமைந்த ஏழு ஊர்களின் மீனவர் சங்கத்துக்காக அவர் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தார். வள்ளம் கடலுக்குப் புறப்படும்போது கரையில் உள்ள அலுவலகத்தில் அதன் பெயரையும் திரும்பும் நேரத்தையும் பதிவார்கள். சொன்ன நேரத்துக்குள் வள்ளம் திரும்பாவிட்டால் அந்த அலுவலகத்தில் மணி அடிக்கும். பக்கத்துக் கரைகளிலும் அடிக்கும். ஐந்து ஆண்டுகளாக அது இயங்கி வந்தது.

ஒரே ஒருமுறை, இரண்டாம் கரை அலுவலகத்தில் இருந்த ஜெசிந்தா என்னும் பெண், தேதி மாறும் வேளையில் நிரல் சற்றே நின்றுவிடுவதாகச் சொன்னாள். தாணுமாலயன் நான்கு பக்கத்தில் மறுப்பு எழுதினார். சங்கச் செயலாளருக்கு நகல் அனுப்பினார். ஜெசிந்தாவை ஏழாம் கரைக்கு மாற்றினார்கள். அதன் பின்னர் அந்த நிரலில் ஒருவரும் பிழை கண்டதில்லை. அது அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை முற்பகல் அவர் மாடிப்படி ஏறி வந்தபோது கையில் தடித்த உறை ஒன்று இருந்தது. அதன் வாய் ஒட்டுநாடாவால் மூடப்பட்டிருந்தது. நாடாவின் குறுக்கே மூன்று இடங்களில் அவருடைய கையொப்பம் இருந்தது. வகுப்பில் பாக்கியசீலியைத் தவிர வேறு யாருமில்லை. அப்படியிருந்தும் அவர் கதவைச் சாத்தினார்.

பாக்கியசீலி உறையைப் பார்த்தார்.

"அரக்கு வைக்க மறந்துட்டீங்களே, சார்."

"அரக்கு இக்காலத்தில் நல்லதாகக் கிடைப்பதில்லை, டீச்சர்," என்றார் தாணுமாலயன். பேசும்போதும் மனு எழுதுவது அவர் வழக்கம்.

உறைக்குள் ஒரு பென் டிரைவும் தட்டச்சு செய்த ஒரு கடிதமும் இருந்தன. பென் டிரைவில் நிரல் இருந்தது. கடிதம் ததேயுவைப் பற்றியது.

ததேயு அந்த ஏழு அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பவர். முன்பு கடலுக்குப் போனவர். வலை இழுக்கும் உருளையில் வலக்கை சிக்கி இரண்டு விரல்கள் போன பிறகு கரையில் தங்கினார். பாக்கியசீலி ஒரு வாரம் கடற்கரைக்குச் சென்று வகுப்பு எடுத்தபோது, மீந்த மூன்று விரல்களால் விசைப்பலகையைப் பழகிக்கொண்டார். சங்கம் அவருக்கு இந்த வேலையைக் கொடுத்தது. சென்ற மாதம் பழைய கணினிகளை அகற்றி, ஏழு கரைகளிலும் புதியவற்றை வைத்து, கணினியை இயக்கும் அடிப்படை நிரலான இயக்குதளத்தின் புதிய பதிப்பை நிறுவியவர் அவரே.

கடிதத்தில் மூன்று குற்றங்கள் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன. புதிய இயக்குதளம் என்று சொல்லிப் பழையதை நிறுவி, மேலே புதியதன் முகப்பை மட்டும் ஒட்டி ஏமாற்றினார் என்பது ஒன்று. யாரும் தொடாத நேரத்தில் கணினி தானே அடங்கிவிடும் உறக்க நிலையை, யாரையும் கேளாமல் ஏழு இயந்திரங்களிலும் நிறுத்திவிட்டார், அதை உடனே மீட்க வேண்டும் என்பது இரண்டு. கேட்டபோது உண்மையைச் சொல்லவில்லை என்பது மூன்று.

சனிக்கிழமை சங்கக் கூட்டம். விவரம் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையொப்பம் இட்டுவிட்டால் ததேயுவை நீக்கத் தடையில்லை என்று செயலாளர் சொல்லியிருந்தார். கடிதத்தின் அடியில் பாக்கியசீலியின் பெயர் தட்டச்சு செய்யப்பட்டு, அதற்கு மேலே இடம் விடப்பட்டிருந்தது.

பாக்கியசீலி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"பழையதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

தாணுமாலயன் விளக்கினார். அவருடைய நிரல் திறக்கும் ஒவ்வொரு முறையும் இயக்குதளத்திடம் அதன் பதிப்பு எண்ணைக் கேட்கும். கேட்டதைத் திரையின் அடியில் எழுதிக் காட்டும். புதிய இயக்குதளத்தின் எண் பத்து. அவர் ஏழு கரைகளுக்கும் நேரில் சென்று பார்த்தார். ஏழிலும் ஆறு புள்ளி இரண்டு என்றே இருந்தது.

"செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தா பத்துன்னுதானே இருக்கும்?"

"இருந்தது. அது பெயர்ப்பலகை, டீச்சர். பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம். என் நிரல் உள்ளே நின்று கேட்டது. உள்ளே நின்று கேட்பவனுக்குக் கிடைப்பது வாக்குமூலம்."

"உறக்கத்த ஏன் நிறுத்துனாருன்னு அவருகிட்ட கேட்டீங்களா?"

"இருமுறை கேட்டேன். மழுப்பினார்."

"இன்னொரு தடவ கேளுங்க. என் முன்னால."

தாணுமாலயன் அதற்கு ஆயத்தமாகவே வந்திருந்தார் போலும். குறிப்பேட்டைத் திறந்து நேரத்தை எழுதிக்கொண்டு, கைபேசியின் ஒலிபெருக்கியை இயக்கி ததேயுவை அழைத்தார். மறுமுனையில் காற்றின் இரைச்சல் கேட்டது.

"ததேயு, உறக்க நிலையை எதற்காக நிறுத்தினீர்?"

காற்றுக்கு இடையே ததேயுவின் குரல் வந்தது.

"சும்மாதான் சாரே. தப்புன்னா மாத்திருதேன்."

"அடியில் இருப்பது பழைய இயக்குதளம்தானே?"

"போட்டது புதுசுதான் சாரே."

"என் நிரல் பழையது என்கிறது."

"அப்பம் சாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தாணுமாலயன் அழைப்பைத் துண்டித்தார். 'பதினொன்று இருபத்திரண்டு. ஒப்புக்கொண்டார்' என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு கடிதத்தைப் பாக்கியசீலியின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பாக்கியசீலி கடிதத்தைத் தொடவில்லை. மூலையில் இருந்த கணினியைக் காட்டினார்.

"அதுல இயக்குதளம் போட்டது யாரு, சார்?"

"நான்."

"எப்ப?"

"சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி. பயிற்சிக்காக. தாங்கள் அருகில் அமர்ந்திருந்தீர்கள்."

"எந்தப் பதிப்பு?"

"பத்து. அதில் ஐயத்துக்கு இடமில்லை. இணையத்திலிருந்து இறக்கியதும் நான், நிறுவியதும் நான்."

"உங்க புரோகிராம அதுல ஓட்டுங்க."

தாணுமாலயன் பென் டிரைவைச் செருகினார். நிரல் திறந்தது. திரையின் அடியில் எண் வந்து நின்றது.

ஆறு புள்ளி இரண்டு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி இயக்கினார். எண் மாறவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் கம்பிகள் எங்கே போகின்றன என்று பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் பார்வை சாத்திய கதவின் மேல் சென்று நின்றது.

"போட்டவரையும் கடிதத்துல சேத்துக்கலாமா, சார்?" என்றார் பாக்கியசீலி.

தாணுமாலயன் சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு அந்தக் கணினியில் அமர்ந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். மாடியின் சாவி எத்தனை பேரிடம் உள்ளது என்று கேட்டார். ததேயு இந்தப் படியில் எப்போதாவது ஏறியதுண்டா என்று கேட்டார். பாக்கியசீலி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை சொன்னார். அமர்ந்தவர்கள் இரண்டு கல்லூரிப் பெண்கள். சாவி ஒன்றே. ததேயுவுக்கு இந்த இடம் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. தாணுமாலயன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பின்பு, பாக்கியசீலி பதில் சொன்ன நேரங்களையும் பக்கத்தில் குறித்தார். அவரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

எழுதி முடித்த பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். சந்தேகிக்க ஆள் மீதமில்லை.

"அப்படியானால் இயக்குதளம் பொய் சொல்கிறது," என்றார்.

"எதுக்கு?"

தாணுமாலயன் யோசித்தார். தம் பணிக்காலத்தில் தம்மிடம் பொய் சொன்னவர்கள் அத்தனை பேரும் பக்கத்து நிலத்தில் இரண்டடி சேர்த்துக்கொள்ளவே பொய் சொன்னார்கள் என்றார். இது தன்னைக் குறைத்துச் சொல்கிறது. பத்தாக இருந்துகொண்டு ஆறு என்கிறது. குறைத்துச் சொல்பவனை அவர் சந்தித்ததில்லை. அதனாலேயே இது பெரிய திருட்டாக இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

"புரோகிராமோட ஒரு சின்ன ஃபைல் ஒட்டி இருக்குமே. அதத் திறங்க," என்றார் பாக்கியசீலி.

அந்தக் கோப்பைத் தாணுமாலயன் ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதினார். அதன் பிறகு திறந்ததில்லை. இயக்குதளத்துக்குள் நுழையும் ஒவ்வொரு நிரலும் வாசலில் காட்டும் அறிமுகச் சீட்டு அது. எந்தெந்தப் பதிப்புகளை நான் அறிவேன் என்று நிரல் அதில் சொல்லிக்கொள்ளும். சீட்டில் நான்கு வரிகள் இருந்தன. கடைசி வரி ஆறு புள்ளி இரண்டு.

"அதுக்குக் கீழ பத்தையும் சேருங்க. நான் தொடமாட்டேன். உங்க கையாலேயே சேருங்க."

தாணுமாலயன் முதலில் பழைய சீட்டுக்கு நகல் எடுத்து வேறொரு பெயரில் பத்திரப்படுத்தினார். நேரம் குறித்தார். பிறகு ஐந்தாவது வரியை எழுதி நிரலை இயக்கினார்.

திரையின் அடியில் பத்து என்று வந்தது. வந்த கணமே, நடுவில் ஒரு சிறு பெட்டி எழுந்தது.

'இயக்குதளம் மிகப் பழையது. பதிவு நிறுத்தப்பட்டது.'

நிரல் மூடிக்கொண்டது.

அந்த வாசகம் யாருடையது என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. 'நிறுத்தப்பட்டது' என்பதை அப்படி எழுதுபவர் அவர் ஒருவரே.

"பத்து எவ்வாறு பழையதாகும்?"

"அது உங்க வரி, சார். நீங்கதான் படிச்சுச் சொல்லணும்."

அவர் நிரலின் மூலத்தைத் திறந்து வரி வரியாக இறங்கினார். நாற்பதாவது வரியில் விரல் நின்றது. ஆறுக்குக் குறைந்த எதையும் நம்பாதே என்று அவர் அங்கே விதித்திருந்தார். விதி சரியாகவே இருந்தது. ஆனால் எண்ணை எண்ணாக ஒப்பிடாமல், அகராதியில் சொற்களை அடுக்குவது போல் எழுத்து எழுத்தாக ஒப்பிடும்படி எழுதியிருந்தார். பத்தை இலக்கத்தில் எழுதினால் முதலில் நிற்பது ஒன்று. ஒன்று ஆறுக்கு முன்னே வரும். ஆகவே அவருடைய நிரலுக்குப் பத்து என்பது ஆறைவிடச் சிறியது.

ஐந்து ஆண்டுகளாக அந்த வரி அங்கே இருந்தது.

தாணுமாலயன் நாற்காலியில் சாய்ந்தார். புதிய கணினிகள் வைத்த முதல் நாள் காலையை நினைத்தார் போலும். அன்று இயக்குதளம் மெய் சொல்லியிருந்தால் ஏழு கரைகளிலும் ஒரே நேரத்தில் பதிவேடு மூடியிருக்கும். புறப்பட்ட வள்ளங்களில் ஒன்றின் பெயரும் எங்கும் இருந்திருக்காது. இதை அவர் மெல்லிய குரலில், தமக்குத்தாமே சொல்வதுபோல் சொன்னார்.

பிறகு கேட்டார்:

"அது அறிந்தே பொய் சொன்னதா, டீச்சர்?"

பாக்கியசீலி எழுந்து சன்னலைத் திறந்தார். சந்தைக்குப் போகும் வண்டிகளின் சத்தம் உள்ளே வந்தது.

"உங்க புரோகிராமுக்கு முன்னால எத்தனையோ புரோகிராம் உள்ள போயி, நீ யாருன்னு கேட்டிருக்கு, சார். இயக்குதளமும் ஒளிக்காம சொல்லிச்சு. தெரியாத எண்ணக் கேட்டதும் சிலது கதவச் சாத்திக்கிச்சு. சிலது நின்ன இடத்துலயே விழுந்துச்சு. விழுந்ததுக்கு எல்லாம் பழி யாரு மேல போச்சுன்னு நினைக்கிறீங்க? அப்புறம் அது கத்துக்கிச்சு. இப்ப யாரு வந்து கேட்டாலும் முதல்ல சீட்டப் பாக்குது. அதுல எது வரைக்கும் எழுதியிருக்கோ, அது வரைக்கும்தான் சொல்லுது."

தாணுமாலயன் இதை எழுதிக்கொள்ளவில்லை. அவர் முகத்தில் வேறொரு கவலை வந்திருந்தது. ஆளைப் பார்த்துப் பதில் சொல்லும் ஒன்றிடம் இனி எதைக் கேட்டு எதை நம்புவது என்றார். இன்று சீட்டில் பத்து என்று எழுதினால் பத்து என்கிறது. நாளை அது பதினொன்றாக வந்தால் அன்றும் பத்து என்றே சொல்லக்கூடும்.

"அதனிடம் கேட்டுப் பயனில்லை என்றால், அது எதுவென்று நான் அறிவது எப்படி?"

"எதுக்கு அறியணும்?"

மணிக்காக என்றார் அவர். இயந்திரம் உறங்கினாலும் அதை எழுப்பி மணி அடிக்கும் வழி ஒன்று புதிய இயக்குதளத்தில் உண்டு. பழையதில் இல்லை. பத்து என்று தெரிந்தால் புதிய வழியில் அடிக்கச் சொல்லலாம். ஆறு என்றால் பழைய வழியில் அடிக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளவே பதிப்பைக் கேட்கிறார்.

"சர்வேக்குப் போற இடத்துல, எல்லை எதுன்னு யாருகிட்ட கேப்பீங்க?"

"யாரிடமும் கேட்க மாட்டேன்," என்றார் தாணுமாலயன். "சங்கிலி போட்டு அளப்பேன்."

பாக்கியசீலி விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். பதிப்பைக் கேட்கும் வரியை முதலில் நீக்கினார். நாற்பதாவது வரியையும் நீக்கினார். அந்த இடத்தில், புதிய மணியை அதன் பெயர் சொல்லித் தேடும்படி எழுதினார். இருந்தால் அதை அடிக்கும். இல்லையென்றால் பழையதை அடிக்கும். வேறு ஒன்றையும் கேட்காது. எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் பாக்கியசீலி கொடுத்த தேநீரைச் சோதிக்காமலே குடித்துவிட்டார்.

இல்லாத வள்ளம் ஒன்றைப் பதிந்தார்கள். அது இரண்டு நிமிடத்தில் திரும்ப வேண்டும் என்று குறித்துவிட்டு, இயந்திரத்தை உறங்க விட்டார்கள். திரை கறுத்தது. இரண்டு நிமிடம் கழித்து அறை அதிர மணி அடித்தது. கீழே மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து, மாடியில் தீப்பிடித்துவிட்டதா என்று குரல் கொடுத்தார். இல்லாத வள்ளம் திரும்பவில்லை, அதனால் அடிக்கிறது என்று பாக்கியசீலி சன்னல் வழியே சொன்னார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

தாணுமாலயனுக்கு அத்துடன் நிறைவில்லை. பழைய நிரலையும் அதே முறையில் சோதிக்க வேண்டும் என்றார். பழைய சீட்டோடு அதைத் திறந்து, மீண்டும் ஒரு வள்ளத்தைப் பதிந்து, இயந்திரத்தை உறங்க விட்டார்.

திரை கறுத்தது.

இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. கறுத்த திரையில் அவர் முகமே அவருக்குத் தெரிந்தது. பத்தாவது நிமிடத்தில் அவர் கையை நீட்டி, மேசைமேல் இருந்த கடிதத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டாவது குற்றத்தின் கடைசி வரியில் கண் நின்றது. உறக்க நிலையை உடனே மீட்க வேண்டும் என்று அவரே எழுதியிருந்தார்.

"ததேயுவுக்கு இது தெரிந்திருக்குமா?"

"நானே கேக்கட்டுமா?" என்றார் பாக்கியசீலி.

தாணுமாலயன் சம்மதித்தார். ஆனால் நிபந்தனை வைத்தார். தாம் கேட்ட கேள்வியை மாற்றக் கூடாது, குறிப்புக் கொடுக்கக் கூடாது, தாம் இங்கே இருப்பதைச் சொல்லக் கூடாது. பாக்கியசீலி மூன்றுக்கும் தலையசைத்துவிட்டுத் தம் கைபேசியை எடுத்தார். மறுமுனையில் அதே காற்று.

"ததேயு, மெஷின் உறங்குறத எதுக்கு நிறுத்துனீங்க?"

"டீச்சரா? சாரும் காலையில இதத்தான் கேட்டாரு." ததேயு சிரித்தார். "புது மெஷின் வச்ச மூணாம் நாளு எனக்க அண்ணனுக்க வள்ளம் ரெண்டு மணிக்கூர் பிந்திச்சு, டீச்சர். பெல் அடிக்கல. என்னன்னு போய்ப் பாத்தா மெஷினு நல்லா உறங்கிக் கெடக்கு. பழைய மெஷினு இப்படித் தானா உறங்காது. இஞ்சின் மக்கர், வேற ஒண்ணும் இல்ல. ஆளு வந்து சேந்துட்டான். ஆனா எனக்கு அண்ணைக்கு ஒரு சோறு எறங்கல. மறுநாளே ஏழையும் உறங்க விடாமப் பண்ணிட்டேன். நான் உறங்குதனோ இல்லியோ, அது உறங்கப்பிடாது."

"சாருட்ட இத சொல்லியிருக்கலாம்லா?"

ததேயுவின் சிரிப்பு நின்றது.

"ஜெசிந்தா இப்பம் ஏழாம் கரைக்கு ரெண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போறா, டீச்சர்," என்றார் ததேயு.

படகுத் துறையில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

தாணுமாலயன் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அளவைத் துறையில் எழுதியதை அழிக்கும் வழக்கமில்லை. அடித்த சொல்லும் படிக்கும்படி இருக்க வேண்டும். ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இட வேண்டும். எந்தத் திருத்தத்திலும் அவர் அதைத் தவறவிட்டதில்லை.

முதல் குற்றத்தின் மீது கோடு போட்டார். தேதி எழுதினார். சுருக்கொப்பம் இட்டார். இரண்டாவது குற்றத்துக்கும் அவ்வாறே செய்தார்.

மூன்றாவதில் பேனா நின்றது.

"இது நிற்கிறது, டீச்சர்," என்றார்.

பாக்கியசீலி நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டபோது உண்மையைச் சொல்லவில்லை. இதற்குத் தாங்களே சாட்சி. பதினொன்று இருபத்திரண்டுக்கு என்னிடம் சும்மாதான் என்றார். இப்போது தங்களிடம் கதை முழுவதையும் சொன்னார். கேள்வி ஒன்றே. மனிதரும் ஒருவரே. சனிக்கிழமைக்கு இது ஒன்றே போதும்." அவர் குரல் பழைய உறுதிக்குத் திரும்பியிருந்தது. ஒட்டுநாடாவின் துண்டு விரலில் ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. "மணி அடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த மணியை எழுதியவன் நான். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் மறைத்தார். மறைப்பவரை எப்படி நம்புவது?"

பாக்கியசீலி பென் டிரைவைக் கழற்றி உறையின் மேல் வைத்தார்.

"இயக்குதளம் இயந்திரம். அதை விட்டுவிடுவோம். ததேயு மனிதர். என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

பாக்கியசீலி சாட்சிக் கையொப்பத்துக்கு விட்டிருந்த இடத்தின் மேல் கையை வைத்துக் கடிதத்தை மெல்ல அவர் பக்கமே திருப்பினார்.

"அவருகிட்ட நீங்க நீட்டுன சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு, சார்?"

தாணுமாலயன் பேனாவின் மூடியைப் போட்டார்; மறுபடி கழற்றினார். கீழே மருந்துக் கடையில் யாரோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் சென்றபின், மூன்றாவது குற்றத்தின் மீது சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது. தேதியும் சுருக்கொப்பமும் இட அவர் மறந்திருந்தார். பாக்கியசீலி நினைவூட்டவில்லை.